ஐந்து கிலோமீட்டர்

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து சைகோன் கராஜுக்குத் திரும்பிய மெக்கானிக் நத்தர்ஷா, திருகு மரை ஒன்றைத் தேடித் தகர டப்பாவைக் கவிழ்த்தபோது, அந்தச் சின்னப் பொட்டலம் உருண்டு அவர் காலடியில் வந்து நின்றது. எண்ணெய்த் தாளைப் பிரித்தார். உள்ளே கட்டைவிரல் பருமனில் ஒரு பல்சக்கரம். பற்களை எண்ணினார். பதினெட்டு. நகத்தால் தொட்டுத் தொட்டு மறுபடி எண்ணினார். பதினெட்டேதான். தொழுதுவிட்டு வந்த நெற்றியில் வேர்வை பொடித்தது.

இரண்டு மாதத்துக்கு முன், தலாத் மலைப்பாதையில் வண்டி மூச்சு வாங்குகிறது என்று மதாம் மார்கரித் தன் காரை அனுப்பியிருந்தாள். புதுச்சேரியில் பிறந்து, சைகோனில் நீதிமன்ற உத்தியோகஸ்தரை மணந்து, இப்போது விதவையாக இருப்பவள். பிரான்சிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்துப் பின் அச்சின் பல்சக்கரங்களை நத்தர்ஷாவே மாற்றினார். மலை ஏற வாகாக, முன்பு நாலு சுற்றும் சொச்சமும் சுற்றிய எஞ்சின் தண்டு இப்போது ஐந்து சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். வேகமானி ஓடுவது அந்தத் தண்டை நம்பி. ஆகவே வேகமானியின் பதினைந்து பல் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பதினெட்டுப் பல் போட வேண்டும்; இல்லாவிட்டால் அது ஓடாத தூரத்தையும் சேர்த்துக் காட்டும். பெட்டியில் கூடவே வந்த பொட்டலத்தை உபரி என்று நினைத்து டப்பாவில் போட்டவர் அவர்தான்.

மதாமின் டிரைவர் கரியமாணிக்கம், வில்லியனூர்க்காரர், அப்போதே வந்து சொன்னார்.

"பாய், சைக்கிள்காரன் என்னைத் தாண்டிப் போறான். முள்ளு என்னடான்னா முப்பதக் காட்டுது. ஒரு தரம் பாத்துடுங்களேன்."

"மீட்டரு பொய் சொல்லாது அண்ணே. தோட்டத்துலேருந்து திரும்பி வரயில வண்டி தன்னால சோலோன் சீனத் தெருப் பக்கம் போவுதோ என்னமோ. அங்க யாரு இருக்கா?"

கராஜே சிரித்தது. கரியமாணிக்கம் சிரிக்கவில்லை.

வாரந்தோறும் தூ டுக் தோட்டத்துக்குச் சாமான் கொண்டுபோவது அவர் வேலை. போகப் பன்னிரண்டு கிலோமீட்டர், வரப் பன்னிரண்டு. மீட்டரில் இருபத்தொன்பது. ஒவ்வொரு வாரமும் அதே ஐந்து கிலோமீட்டர் கூடுதல். மதாம் எண்ணைக் குறித்து வைத்திருந்தாள். கேட்டதற்கு, "வேற எங்கியும் போகல மதாம்" என்றே சொன்னார். மார்க்கெட் பக்கத்துத் தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் அவர் நுழைந்தால், "அஞ்சு கிலோமீட்டரு வாராரு, எடம் வுடுங்கப்பா" என்பார்கள். அந்தப் பெயரை முதலில் வைத்தவர் நத்தர்ஷா. போன வாரம் மதாம் சாவியை வாங்கிக்கொண்டாள். அடுத்த கப்பலில் அவர் ஊருக்குப் போகிறாராம். ஊரில் அவர் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருந்த வீட்டாருக்கும் இந்தச் சேதி கடிதத்தில் போய்விட்டதாம்.

சக்கரம் உள்ளங்கையில் சில்லென்றிருந்தது. மதாமின் வண்டி நாளைக்கு எண்ணெய் மாற்ற வருகிறது. சத்தமில்லாமல் மாட்டிவிடலாம், பத்து நிமிட வேலை. மனம் அப்படிச் சொன்ன மறுகணமே நத்தர்ஷாவுக்கு உடம்பு கூசியது. கரியமாணிக்கம் போனதும் மீட்டர் சரியாகிவிட்டால், திருட்டுத்தனம் அவருடையதுதான் என்று அதுவே சாட்சி சொல்லுமே! சற்று முன்தான் தரையில் நெற்றி வைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருந்தார். கேட்க வேண்டிய இடம் இன்னொன்றும் இருந்தது.

கரியமாணிக்கம் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நத்தர்ஷா வாசலில் நின்றபடியே சக்கரத்தை நீட்டி எல்லாவற்றையும் சொன்னார். கரியமாணிக்கம் அதை வாங்கிப் பார்த்தார். பற்களை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு பெட்டியின் அடியிலிருந்து டிரைவர் கோட்டை உருவி உதறிப் போட்டுக்கொண்டார்.

"வாங்க பாய். மதாம் மாதா கோயிலுக்குக் கெளம்பறதுக்குள்ள போயிடுவோம்."

மீட்டர்தான் தப்பு, கல்லை எண்ணிப் பாருங்கள் என்று மட்டும் சொல்லி மதாமை அழைத்துக்கொண்டு, தூ டுக் சாலையில் வண்டியைக் கரியமாணிக்கமே ஓட்டினார். பின்னால் மதாம், முன்னால் நத்தர்ஷா. ஓரத்துக் கிலோமீட்டர் கற்களை மதாம் விரல்விட்டு எண்ணினாள். ஐந்தாவது கல்லில் மீட்டர் ஆறு ஓடியிருந்தது. அவள் முகம் வெளுத்தது.

"மோன் தியூ, கடவுளே! எந்த மடையன் செஞ்ச வேலை இது?"

நத்தர்ஷா வாயெடுப்பதற்குள் கரியமாணிக்கம் சாலையைப் பார்த்தபடி சொன்னார். "சின்னச் சக்கரம் மதாம். யாரு கண்ணுக்கும் தப்பும்."

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். நத்தர்ஷா பின்பக்கம் திரும்பினார்.

"நான்தான் மதாம். அவரு வந்து சொன்னாரு, நான் கேக்கல. அவருக்குப் பேரு வச்சதும் நான்தான்."

"பேரா? என்ன பேரு?"

சாப்பாட்டுக் கடையில் எத்தனை சுலபமாக வந்த வார்த்தை! இப்போது நாக்கு புரளவில்லை. கரியமாணிக்கம் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். முள் நடுங்கி இறங்கியது. தூரத்தில், வெயிலில், ஆறாவது கல் வெள்ளையாகத் தெரிந்தது. அது அருகே வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நத்தர்ஷா வாயைத் திறந்தார்.