பூசையில் வைத்த கம்ப்யூட்டர்

பள்ளிக்கூட அதிபர் விவேகானந்தன் எனக்குத் தரவேண்டியிருந்தது ஆயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய். கண்டியிலிருந்து பத்துக் கம்ப்யூட்டர்களை லொறியில் கொண்டுவந்து, லொறி ஏறாத மேட்டில் தலைச்சுமையாகத் தூக்கி, அவை இருக்கப்போகும் அறைக்குச் சுண்ணாம்பும் அடித்த கூலி அது. அதிபர் லொறியில் வரவில்லை. பஸ்ஸில் முன்னால் போய்விட்டார். வடக்கில் யுத்தம் உச்சத்தில் இருந்த வருஷம். வயரும் பெட்டியுமாக ஒரு தமிழன் வந்தால் செக்பொயின்ட்டில் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதுதான் நடந்தது. பெட்டி எல்லாவற்றையும் பிரித்து, என்னை வெயிலில் உட்காரவைத்து, பொழுது சாயத்தான் விட்டார்கள். உட்கார்ந்த நேரத்துக்கு நான் கூலி கேட்கவில்லை.

பெட்டிகளை அனுப்பியது இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடம். அதற்கும் ஹேவாஹெட்டப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கும் இணைப்பாம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒருவருக்கொருவர் கம்ப்யூட்டரில் எழுதி, எழுத்து வாசிப்பையும் கம்ப்யூட்டர் அறிவையும் வளர்த்துக்கொள்வார்களாம். வாசலில் கட்டிய பேனர் அப்படித்தான் சொன்னது. நாற்பதை நெருங்கும்போது எழுத்துக்கூட்டப் பழகியவன் நான். அதை வாசித்து முடிக்க நேரம் பிடித்தது. முடித்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. என் மகள் சீதா அங்கே எட்டாம் வகுப்பு. அந்த மெஷினில் அவள் தன் சொந்தமாக ஒரு வரி எழுதிப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

ரிப்பன் வெட்டிய அன்றே அதிபர் அறையைப் பூட்டினார். சாவி அவருடைய சட்டைப்பையில் தினமும் கண்டிக்குப் போய்த் திரும்பி வந்தது. தூசி படும் என்றார். கரண்ட் ஏறி இறங்கும் என்றார். பிள்ளைகளின் கையில் ஈரம் என்றார். கம்ப்யூட்டர் பாடம் கரும்பலகையில் நடந்தது. அதிபரே சோக்கால் கீபோர்ட் வரைந்து, கட்டம் கட்டமாக எழுத்துகளைப் போட்டு, பாடமாக்கச் சொன்னார். சீதா வீட்டில் ஒரு பலகைத் துண்டில் கரியால் அதே கட்டங்களைக் கீறி, விரல் வைத்துப் பழகினாள். மாசாமாசம் அதிபர் கண்டி டவுனில் ஒரு இன்டர்நெட் கடைக்குப் போய், பிள்ளைகள் தினமும் எழுதுகிறார்கள் என்று இங்கிலாந்துக்கு அறிக்கை அனுப்பினார். பெற்றார் கூட்டத்தில் அவரே இதைப் பெருமையாகச் சொன்னார். தோட்டத்து ஆட்களுக்குக் காது இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை போல.

காசு கேட்டுப் போனால் ஒரு பதில் தயாராக வைத்திருந்தார்.

"நடராஜா, உன் மகளுக்கு உலகத்தையே திறந்துவிட்டிருக்கேன். நீ சுண்ணாம்புக் காசு கேட்டு நிக்கிற."

"அறையே இன்னும் திறக்கல்லையே சேர்."

"வாய் நீளுது உனக்கு. அடுத்த மாசம் பாப்போம்."

நவராத்திரி வந்தது. சரஸ்வதிக்கு எடுக்கும் வாணி விழாவுக்குக் கல்விக் கந்தோரிலிருந்து மேலதிகாரியான ஒரு பெரியவர் வருகிறார் என்றதும் அதிபருக்கு ஒரு யோசனை. முதல்நாள் சாயந்தரம் அறையைத் திறந்து, பத்துக் கம்ப்யூட்டரையும் பூசையில் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. நாங்கள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைப் பூசையில் வைத்தால் விஜயதசமிப் பூசை முடியும்வரை தொடமாட்டோம், தோட்டத்துத் துரையே வந்து சத்தம் போட்டாலும் சரி. பிள்ளைகளின் புத்தகத்துக்கும் அதே சட்டம்தான்.

மறுநாள் பெரியவர் வந்தார். மாலைகளைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு. ரெண்டு மணிக்கு இங்கிலாந்துப் பிள்ளைகள் காத்திருப்பாங்கன்னு எங்களுக்கும் அறிவிச்சிருக்காங்க. எங்க, நம்ம பிள்ளைகள் எழுதட்டும், பாப்போம்."

அதிபருக்கு அனுப்பத்தான் தெரியும். வந்ததைத் திறந்து பார்க்கும் பழக்கம் கிடையாது. நவராத்திரி என்றால் என்னவென்று இங்கிலாந்துக்காரனுக்கும் தெரியாது. அவன் பாட்டுக்கு நாள் குறித்துவிட்டான்.

சமயம் படிப்பிக்கிற சரோஜினிதேவி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். "பூசையில வைச்சதை இண்டைக்குத் தொடேலாது சேர்," என்றார். "தொட்டா கை முறிப்பன் எண்டு நேற்று நீங்கள்தானே பிள்ளையளுக்குச் சொன்னனீங்கள்."

"தெரியும் டீச்சர்."

பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அதிபர் சுற்றிலும் பார்த்தார். கதிரைகளை இறக்கிவைத்துவிட்டு நான் கதவடியில் நின்றேன்.

"நடராஜா, கொஞ்சம் வாங்க." அத்தனை நாள் பழக்கத்தில் அன்றைக்குத்தான் 'வாங்க'. காதுக்குக் கிட்டே வந்தார். "மாலையை எடுத்துட்டு நீங்களே சுவிட்சைப் போட்டுவிடுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க படிப்பை நம்பிப் பிழைக்கிறவர் இல்லையே."

சரஸ்வதியின் கோபம் கூலிக்காரனைத் தொடாது என்று அவருக்கு யார் சொன்னார்களோ.

"போடுறேன் சேர். ஆனா சீதாதான் எழுதணும். நீங்க எழுதிக் குடுக்கிறதை இல்ல. அவ சொந்தமா."

"சரி, சரி. சீக்கிரம்."

கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒரு கம்ப்யூட்டரின் மாலையைக் கழற்றி, சுவிட்சைப் போட்டேன். இத்தனை மாசமாகப் படிப்பைப் பூட்டிவைத்தவரை விட்டுவிட்டு, சாமி என் மகளிடம் வந்து சண்டை பிடிக்காது என்று ஒரு தைரியம். பெரியவரே தான் கொண்டுவந்த வயரில்லாத அன்டெனா போனை இன்டர்நெட்டுக்காக இணைத்து, எழுதுகிற பக்கத்தைத் திறந்துகொடுத்தார். சீதா உட்கார்ந்து, பழகியபடி இடது மூலையில் விரலை வைத்தாள். வைத்த விரலை உடனே எடுத்தாள்.

"சேர், எழுத்தெல்லாம் மாறிக் கிடக்கு. 'ஏ' இருக்கவேண்டிய இடத்தில 'கியூ' இருக்கு."

அதிபர் குனிந்து பார்த்தார். அவர் கரும்பலகையில் போட்டது ஏ, பி, சி, டி என்று வரிசைப்படி. கீபோர்ட் அப்படித்தான் இருக்கும் என்று அவரே முடிவு பண்ணியிருக்கிறார்.

"பழுதானதை அனுப்பியிருக்காங்க," என்றார். "மத்ததைப் பாருங்க."

மற்ற மாலைகளையும் கழற்றினேன்.

"பத்தும் ஒரே மாதிரியாவா பழுதாகும் விவேகானந்தன்?" என்று பெரியவர் கேட்டார். சரோஜினிதேவி டீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்குள் இங்கிலாந்திலிருந்து ஒரு பிள்ளை கேள்வி எழுதிவிட்டது. நீங்கள் தினமும் கம்ப்யூட்டரில் என்ன எழுதுவீர்கள் என்று. சீதா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கினாள். முழு அறையும் காத்திருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பெரியவர்தான் தமிழில் வாசித்தார்: "தினமும் இல்லை. இன்றைக்குத்தான் முதல்முதல் தொடுகிறேன். அறை பூட்டியிருக்கும்."

"அழி. அதை அழி," என்றார் அதிபர்.

"அழிக்கிற கட்டம் நீங்க வரையல்லையே சேர்," என்றாள் சீதா. அது அதற்குள் இங்கிலாந்துக்குப் போய்விட்டது.

இரண்டு கிழமையில் இங்கிலாந்திலிருந்து கந்தோருக்குக் கடிதம் வந்தது. இனி ஒவ்வொரு பிள்ளையும் கிழமைக்கொரு தடவை தன் பெயரில் எழுதவேண்டும், இல்லாவிட்டால் இணைப்பு வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும் என்று. சாவி சரோஜினிதேவி டீச்சரின் கைக்கு மாறியது. செவ்வாயும் வெள்ளியும் அறை திறந்தது. சீதா அங்கே நாங்கள் குடியிருக்கும் லயத்தைப் பற்றி எழுதுகிறாள், மழை பெய்தால் கூரை ஒழுகுவது உட்பட. அதிபருக்கு அதுவும் பிடிக்கவில்லை.

தீபாவளி கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, கடைசித் தடவையாகக் காசு கேட்டுப் போனேன்.

"காசா? உன் மகள் என் மானத்தைச் சீமை வரைக்கும் வித்துட்டா. அந்த ஆயிரத்து எண்ணூத்து அறுபதும் அதுக்குச் சரியாப் போச்சு. போ."

கம்ப்யூட்டர் அறைக்குள்ளே பிள்ளைகள் ஒரே இரைச்சல். என் கூலிக்கு அந்த இரைச்சலுக்கு மேல் ஒரு விலை கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

"சரிதான் சேர், கழிச்சிருவோம்," என்றேன்.