ஒன்பது இடங்களில் பதினோரு வரி

தங்கை காலையில்தான் இறந்தாள். சாகும் முன் தீக்காய வார்டில் அவள் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதியது பதினோரு வரி. என் தட்டச்சுக் கடையில் உட்கார்ந்து அதைக் கம்ப்யூட்டரில் அடித்து முடித்த நேரம், அவள் புருஷன் உள்ளே வந்து ஷட்டரை இறக்கினான்.

"அக்கா, உங்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்றபடி நோட்டைக் கிழித்துப் பற்றவைத்தான். அதே லைட்டராகத்தான் இருக்கும், பாவி. என் முடியைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது.

"ஒவ்வொரு வரியா அழிங்க. நான் பாக்கணும்."

நான் தட்டச்சு செய்யும் எடிட்டர் மென்பொருளில் அழித்த வரி உடனே போய்விடாது. ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்ட இடங்களில் தங்கும்; புதிதாக அழித்தது ஒன்றில் உட்காரும், பழையவை ஒவ்வொரு இடமாகப் பின்னால் நகரும். பத்தாவதை அழித்தால், முதலில் அழித்தது வெளியே விழுந்துவிடும். ஆக, இரண்டு வரி நிச்சயம் போகும்.

அவன் விரல் கடைசி வரியைத் தொட்டது. "இதுலேருந்து."

"மேலேருந்துதான் அழியும், மாப்பிள்ளை." வாய் கூசாமல் புளுகினேன். கம்ப்யூட்டரும் டிவியும் அவனுக்கு ஒன்றுதான்.

வரிக்கு ஒரு அடி விழுந்தது. ஆறாவது வரியில் என் இடது சுண்டுவிரலை மடக்கி ஒடித்தான். அழித்தேன், சேமித்தேன், கோப்பை மூடினேன். எடிட்டரை மூடவில்லை.

"தொலைஞ்சுது சனியன்" என்று ஸ்டூலைத் தூக்கித் திரையில் இரண்டு போடு போட்டான். கண்ணாடி என் மடியில் கொட்டியது. திருப்தியாகக் கிளம்பிப் போனான்.

முட்டாள். மேசைக்கடியில் கம்ப்யூட்டர் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

உடைந்த திரை முன்னால் கண் தெரியாதவள் போலத் தட்டினேன். ஒன்பதிலிருந்து இறங்கி எடுத்திருந்தால் வரிசை ஒழுங்காக வந்திருக்கும். வலியில் ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டேன். அச்சுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். தாள் வந்தது.

காவல் நிலைய எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா, எல்லாம் தலைகீழா இருக்கு. பேரு, விலாசம் எதையும் காணோமே?"

"அந்த ரெண்டு வரிதான் சார் போயிடுச்சு. என்னைக் கேளுங்க, சொல்றேன். அவ என் தங்கச்சி."

தங்கை கடைசியாகச் சொன்னது தாளில் முதல் வரியாக இருந்தது; அதை அவர் வாய்விட்டுப் படித்தார்: "கையைக் கட்டி, மண்ணெண்ணெய் ஊத்தி, பத்தவச்சது என் வீட்டுக்காரர்தான்."