மூன்றாவது கருவிக்கு எதிரே ஒரு 'இல்லை'

லிஃப்டை இயக்கும் புரோகிராம் எழுதுகிற கம்பெனி அது. ஆபீஸ் ஏழாவது மாடியில். புது புரோகிராம் எதுவானாலும் முதலில் தங்கள் கட்டடத்து லிஃப்டில்தான் ஏற்றுவார்கள், எழுதியவர்களே அதில் போய்வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். "விழுந்தா நாமளே முதல்ல விழுவோம்" என்று டீம் லீட் சிரிப்பார். அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் 'தலை'.

பத்துப் பேர் எழுதிய புரோகிராம் வரிகள், அதாவது கோட், பத்துத் தினுசாகக் கிடந்தது. அதை ஒரே சீராக அடுக்கித் தரும் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஓப்பன் சோர்ஸ் கருவிகள் மூன்றை ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை, டீமில் ஒருத்தியான அவள் தலையில் விழுந்தது. மூன்றுக்கும் அவளே செல்லப் பெயர் வைத்தாள். சாது இடைவெளிகளை மட்டும் சரிசெய்தது. வாத்தியார் யார் பேச்சையும் கேட்காமல் தன் விதிப்படியே எழுதவைத்தது. கெட்டிக்காரி கண் மூடித் திறப்பதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கேட்காத வேலையையும் சேர்த்துச் செய்தது.

ஒப்பீட்டு அட்டவணையின் கடைசிக் கேள்வி: 'கோட் இயங்கும் விதத்தை மாற்றுமா?' சாதுவையும் வாத்தியாரையும் இரண்டு நாள் ஃபைல் ஃபைலாகப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று எழுதினாள். கெட்டிக்காரியின் முறை வந்தபோது கண் எரிந்தது. அடுக்குகிற வேலைதானே, இதில் என்ன மாறிவிடப் போகிறது என்று அதற்கும் ஒரு 'இல்லை' போட்டாள். கெட்டிக்காரிதான் ஜெயித்தது. ஆயிரத்து இருநூறு ஃபைல்கள் மாறின. "ஃபார்மேட்தானம்மா" என்று தலை ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தார். சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, வேறு எதையோ தேடப் போன இடத்தில், பிரேக் ஃபைலின் தலைப்பு வரிகள் கண்ணில் பட்டன. லிஃப்ட் எவ்வளவு தூரம் முன்னாலேயே பிரேக் போட வேண்டும் என்ற அளவு இரண்டு ஃபைல்களில் இருந்தது. ஒன்று சோதனை அறையில் மாதிரி லிஃப்டாக இருக்கும் சின்னப் பெட்டிக்கு, மற்றது நிஜக் கட்டடத்துக்கு. அந்தத் தலைப்பு வரிகள் இரண்டையும் அழைக்கும்; எது பின்னால் வருகிறதோ அதுவே செல்லும். அதனால்தான் யாரோ ஒரு புண்ணியவான் கட்டடத்தின் அளவைப் பின்னால் வைத்திருந்தார். கெட்டிக்காரி அந்த வரிகளை அகர வரிசையில் அடுக்கியிருந்தது. இப்போது சின்னப் பெட்டியின் அளவு பின்னால் இருந்தது. சோதனை நடந்ததும் அதே சின்னப் பெட்டியில்தான். பச்சை காட்டாமல் என்ன செய்யும்?

நிஜ லிஃப்ட் இனி தாமதமாகத்தான் பிரேக் போடும். வாட்ச்மேனுக்கு போன் போட்டாள்.

"அண்ணே, லிஃப்டை நிறுத்துங்க! யாரையும் ஏத்தாதீங்க!"

"புது புரோகிராம் போட்டு இப்பதாம்மா ஆன் பண்ணாங்க. முதல் ஆளா உங்க வீட்டுக்காரரும் பாப்பாவும் ஏறிட்டாங்களே."

பள்ளி அரை நாள். மகள் குட்டியை இவளிடம் விட்டுவிட்டு வீட்டுக்காரர் வேலைக்குப் போவதாக ஏற்பாடு. அவள் மறந்தே போயிருந்தாள். போனை வீசிவிட்டு ஓடினாள். லிஃப்ட் கதவுக்கு மேலே நாலு எரிந்தது. ஐந்து. 'இங்கயே நின்னுடு, நின்னுடு' என்று வேண்டினாள். நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று உடனே தோன்றியது. ஆறு. ஏழு.

லிஃப்ட் ஏழைத் தாண்டி ஏறி, குலுங்கி நின்றது. கதவு திறந்தது. லிஃப்டின் தரை அவள் முழங்காலுக்கு மேலே இருந்தது. அதற்கும் மாடித் தரைக்கும் நடுவில் இருட்டாக ஒரு சந்து, ஒரு குழந்தை வழுக்கி உள்ளே போகப் போதுமான சந்து. அதற்குக் கீழே ஏழு மாடி.

"ஐ, உசரமா இருக்கு! குதிக்கட்டுமாம்மா?"

குட்டி ஏற்கெனவே முழங்காலை மடக்கியிருந்தாள். குட்டியின் அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"குதிக்காதே!" அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "ஏங்க, அவளைப் பிடிங்க! அந்தச் சிவப்பு பட்டனை அமுக்குங்க, சீக்கிரம்!"

அவர் குட்டியின் சட்டையைப் பிடித்து இழுத்தார். பட்டனை அமுக்கினார். மோட்டார் சத்தம் அடங்கியது. அவள் மண்டியிட்டு அந்தச் சந்தைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். இந்த நேரம் லிஃப்ட் நகர்ந்தால் தன் கதி என்ன என்பது அவளைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது. குட்டி கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

அடுத்து அவரும் ஒருவழியாக இறங்கினார். தலை மூச்சிரைக்க வந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நல்லவேளை, நம்ம லிஃப்டோட போச்சு."

"நான் அதைப் பார்க்கவே இல்ல, சார்," என்றாள். "பார்க்காமலே 'இல்லை'ன்னு எழுதினேன்."

தலை வாட்ச்மேனைக் கூப்பிட்டு லிஃப்டின் சுவிட்சை அணைக்கச் சொன்னார். அவரும்தான் பார்க்கவில்லை.

குட்டியைக் கூட்டிக்கொண்டு படி வழியாக இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, அப்புறம் அடுத்த படி. ஆபீஸில் என்ன வேலை என்று குட்டி நேற்று ராத்திரிதான் கேட்டிருந்தாள். எல்லோரும் கன்னாபின்னாவென்று எழுதி வைத்ததை அழகாக அடுக்கி வைக்கிறேன் என்று இவளும் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் குட்டி நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, எல்லாத்தையும் அழகா அடுக்கி முடிச்சிட்டியா?"

அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.