ஒதுங்கத் தெரிந்த ரோபோ

கரீம் பாட்சா அனுப்பிய ரோபோ முதல் பயணத்திலேயே குளத்துக்குள் இறங்கிக் காணாமல் போனது. திரையில் சதுரம் சதுரமாக நாலு நீர்க்குமிழி எழும்பி வந்து அடங்கின. சொந்தக் கப்பலைக் கடலுக்குக் கொடுத்துவிட்டவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவர் நாற்காலியில் சாய்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்த ராபியா கையைக்கூட நிறுத்தவில்லை.

"முன்னூறு கட்டம்னு போட்டியள்லா. இருநூத்திப் பன்னெண்டுதான் இருக்கு. நான் எண்ணிட்டேன்."

"கிட்டத்தட்டதான போட்டேன்."

"அந்த மிஷினுக்குக் கிட்டத்தட்டன்னா என்னன்னு தெரியாது. ஒங்களக் கட்டுன எனக்குத்தான் தெரியும்."

முப்பத்தைந்து வருடம் தாராவித் தோல் பெல்ட்டுகளை மொத்த வியாபாரிகளுக்கு விற்றவர் கரீம் பாட்சா. பெல்ட்டைக் காட்டி விற்பவர்கள் உண்டு. இவர் பெல்ட்டைப் பையிலிருந்து எடுக்காமலே விற்பார். தன்னுடைய பெல்ட் ஒன்றைக் கட்டி ரயில் பெட்டியை இழுத்துக் காட்டியதாக அவர் அவிழ்த்துவிட்ட கதை கல்யாண் ஸ்டேஷன் வரைக்கும் போய், ஆறு மாதம் கழித்து அவரிடமே திரும்பி வந்தபோது இரண்டு பெட்டியாகியிருந்தது. அவரும் அதைக் கேட்டு அசந்துபோய், அந்த ஆள் யாரென்று விசாரித்தார். அப்படிப்பட்ட மனிதர் அறுபத்தாறாவது வயதில், தாராவி வீட்டு மாடி அறையில், ரயில் போல இரைகிற ஒரு பழைய லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து, ஒரு கட்டம் கூடினாலும் குறைந்தாலும் ஏற்றுக்கொள்ளாத ஒரு ஜீவனிடம் மாட்டிக்கொண்டார்.

அந்த விளையாட்டில் எல்லாமே கட்டை. மண் கட்டை, மரம் கட்டை, மாடு கட்டை, சூரியன்கூட சதுரமாகத்தான் உதிக்கும். கட்டைகளை அடுக்கி வீடு கட்டலாம், தெரு போடலாம். ரோபோ ஒன்றைச் செய்து, முன்னால் போ, இடப்பக்கம் திரும்பு என்று வரி வரியாகக் கட்டளை எழுதிக் கொடுத்தால், எழுதியவன் லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கப் போனாலும் அது தன்பாட்டில் நடந்துகொண்டிருக்கும். இந்த உலகம் அவருடைய மகள் ஹாஃபிஸாவுடையது. நெருளில் ஒரு கோச்சிங் சென்டரில் பிள்ளைகளுக்கு இதை வைத்துத்தான் அவள் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறாள். உம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, இரண்டு ரயில் மாறி நெருளுக்கு வர முடியாது. அதனால் அந்த உலகத்திலேயே உம்மாவுக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்திருந்தாள். தோல் பைகளுக்கு அளவெடுத்து வெட்டியே காலத்தை ஓட்டிய ராபியா, ஒரு மாதத்தில் அங்கே கோணல் இல்லாத ஒரு வீட்டைக் கட்டி முடித்தாள். தினமும் மூன்று மணிக்குத் தாயும் மகளும் அங்கே சந்தித்து ஆடு மேய்த்தார்கள்.

ஒரே ஒரு சட்டம்தான். வாப்பா உள்ளே வரக் கூடாது.

இரண்டு வருடம் இரண்டு மாதத்துக்கு முன்னால், மாப்பிள்ளை ராஹிலின் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, கரீம் பாட்சா பெல்ட் விற்கிற பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டார். ஹாஃபிஸா ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கே தலைவி, அவளுக்குக் கீழே நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள் என்றார். நாற்பது பேர் என்னவோ உண்மைதான். எல்லோருக்கும் பத்து வயது. மாப்பிள்ளையின் உம்மா அதை அப்படியே நம்பி, கல்யாண மண்டபத்தில் முன்னூறு பேரிடமும் சொல்லி முடித்தார். உண்மை தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஹாஃபிஸாவுக்கு மேனேஜரம்மா என்று பெயர். மேனேஜரம்மா, சாயா ஆறிட்டு. மேனேஜரம்மா, குழாய்ல தண்ணி வருது. ராஹில் நல்ல பையன், அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு நெருளுக்கு வந்துவிட்டான். வீடு மாறிய அன்றைக்கு அவள் வாப்பாவுக்கு போன் பண்ணி ஒன்றே ஒன்று சொன்னாள்: "என்னப் பத்தி யார்கிட்டயும் பேசாதீங்க. என்கிட்டயும் பேசாதீங்க."

அன்றிலிருந்து அவர் பேசவில்லை. ஆனால் மூன்று மணிக்கு ராபியாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பார். திரையில் பச்சைச் சட்டை போட்ட கட்டை உருவமாக மகள் குதித்துக் குதித்து வருவதைப் பார்ப்பார். ஒருநாள் அங்கே பிள்ளைகள் செய்த ரோபோக்கள் தாமாக நடந்துபோவதைக் கண்டதும், அவருக்குள் பழைய வியாபாரி முழித்துக்கொண்டான்.

"நான்தான போகக் கூடாது," என்றார். "மிஷின் போகக் கூடாதுன்னு அவ சொல்லலியே."

ராபியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, மவுஸை அவர் பக்கம் தள்ளினாள்.

ரோபோவின் வயிற்றில் சாமான் வைக்க இடம் உண்டு. ஒரு கடிதம் எழுதி அதில் வைத்து, அந்த உலகத்தில் ஹாஃபிஸா கட்டியிருந்த வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று திட்டம். கடிதம் எழுதுவது சுலபம் என்று நினைத்தார். அவர் சொல்லச் சொல்ல ராபியா தட்டினாள். ஆயிரம் தடவை மன்னிப்பு என்று ஆரம்பித்ததும் அழித்தாள். கண்ணீர் ஆறாக ஓடுகிறது என்றதும் அவர் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு அழித்தாள். மூன்று நாள் இப்படிப் போனது. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: நாற்பது பேர் என்று சொன்னது உனக்குப் பெருமை சேர்க்க இல்லை. எனக்குச் சேர்க்க. வாப்பா.

அதை வாசித்துப் பார்த்தபோது, யாரோ சட்டையைக் கழற்றிக்கொண்டு போனது மாதிரி இருந்தது அவருக்கு.

உத்தேசமாக எண்ணிக்கை போட்டு அனுப்பியது குளத்தில் போயிற்று. சரியாக இருநூற்றுப் பன்னிரண்டு போட்டு அனுப்பிய இரண்டாவது ரோபோ, பிள்ளைகள் முந்தின நாள் கட்டியிருந்த புதுச்சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. தெரு தினம் மாறுகிற ஊரில் எண்ணிக்கையை நம்பிப் பிரயோஜனமில்லை, ரோபோவே பார்த்துப் பார்த்துப் போக வேண்டும் என்பது புரிந்தது. மகன் தௌசீப் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், ஷூவில் ஒரு காலை விட்டபடி யோசனை சொன்னான்.

"அரே வாப்பா, ரொம்ப சிம்பிள். எதிர்ல என்ன இருந்தாலும் உடைன்னு ஒரு லைன் போடுங்க. நேரா உள்ள போயிரும். கதம், முடிஞ்சுது."

"நம்ம சந்துல எவனாவது அப்படிப் போவானால?"

"இது கேம் வாப்பா."

"கேம்னா? ஒடச்சிக்கிட்டு உள்ள போறதுக்கு நானே போயிருக்க மாட்டேனா?"

தௌசீப் அடுத்த காலையும் ஷூவில் விட்டுக்கொண்டு போய்விட்டான். கரீம் பாட்சா ஜன்னல் வழியே கீழே பார்த்தார். அவர்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒரு ஆள் கரைந்தால்தான் இன்னொரு ஆள் போக முடியும். ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை அதில் ஊரே போகிறது: தோல் கட்டு, தண்ணீர் கேன், இட்லிப் பாத்திரம், போன வாரம் ஒரு பீரோ. யாரும் யாரையும் இடிப்பதில்லை. வெறுங்கையோடு வருகிறவன் முகத்தைத் திருப்பாமல் அப்படியே பின்னால் நகர்ந்து, பக்கத்து வாசலில் ஒதுங்கி நிற்பான். சுமை போனதும் மறுபடி நடப்பான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. இப்போது அவர் ஒரு மிஷினுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார்.

முன்னால் அடைப்பா? இடமும் வலமும் பார். வழி இருந்தால் திரும்பு. இரண்டு பக்கமும் சுவர்தான் என்றால், எதிரே நிற்பது ஆள். பின்வாங்கு. ஒதுங்க இடம் கிடைக்கும்வரை பின்வாங்கு. ஒதுங்கி நின்று பத்து எண்ணு. மறுபடி போ.

இவ்வளவையும் அந்த விளையாட்டு ஏற்கிற ஆங்கிலக் கட்டளைகளாக மாற்றுவதற்குள் ரோபோ ஒருதடவை நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது, ஒருதடவை பின்னாலேயே நடந்து மலையேறியது, ஒருதடவை ராபியாவின் ஆட்டுக்கு வழிவிட்டு வழிவிட்டு அரை நாள் தொழுவத்திலேயே கிடந்தது. "ஆட்டுக்கு இருக்கிற மரியாதகூட எனக்கு இந்த வீட்ல இல்ல," என்றாள் ராபியா. அவர் காதில் அது விழவில்லை. சாப்பாட்டுத் தட்டில் சோற்றைச் சந்து சந்தாகப் பிரித்து, ஒரு பயற்றை அதில் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, ரோபோவை அனுப்பினார். அது குளத்தைச் சுற்றிக்கொண்டு போனது. புதுச்சுவரில் முட்டாமல் திரும்பியது. எதிரே ஓடிவந்த ஒரு பிள்ளைக்கு வழிவிட்டு ஒதுங்கி, பத்து எண்ணி, மறுபடி நடந்தது. ராபியாவின் உருவம் பின்னாலேயே போய்ப் பார்த்து வந்தது. கடைசித் தெருவுக்குள் அது நுழைந்தபோது கரன்ட் போய்விட்டது.

மறுநாள் மூன்று மணிக்கு ராபியா உள்ளே போவதற்கு முன்பே போன் அடித்தது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"உம்மா, என் வாசலுக்கு ஒரு ரோபோ வருது," என்றாள் ஹாஃபிஸா. பின்னால் பிள்ளைகளின் சத்தம். "வருது, கதவு வரைக்கும் வந்துட்டு அப்படியே பின்னாலயே போவுது. தெருவுல பாதி தூரம் போயி, குழாயடியில ஒதுங்கி நிக்கி. மறுபடி வருது. நேத்துல இருந்து இதே வேலை. பசங்க அதுக்கு ஷர்மீலான்னு பேரு வச்சிட்டாங்க, கூச்சக்காரனாம். யாரு உம்மா எழுதுனது இத?"

கரீம் பாட்சாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நேருக்கு நேர் ஒரு கதவு மூடியிருக்கும் என்று அவர் எழுதவே இல்லை. அவர்கள் சந்தில் பகலில் எந்தக் கதவு மூடியிருந்தது? சந்து என்றால் அது எங்காவது போய் வெளியே விடும். இரண்டு பக்கமும் சுவர், எதிரே அடைப்பு என்றால் அது மனுஷன்தான். மனுஷன் என்றால் கொஞ்ச நேரத்தில் போய்விடுவான். அந்த நம்பிக்கையில் ரோபோ ஒரு பகலும் ஒரு ராத்திரியும் மூடிய கதவுக்கு மரியாதை கொடுத்துக் கொடுத்துப் பின்வாங்கியிருக்கிறது.

ராபியா அவரைப் பார்க்காமல் சொன்னாள்: "நீ டீச்சர்லா. தெறந்து படிச்சுப் பாரு."

போனில் கீபோர்டு தட்டும் சத்தம். ஹாஃபிஸா வரிகளை வாய்க்குள் படிப்பது இடையிடையே கேட்டது. கடைசியில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, வெறும் மூச்சா? வேறு சமயமாக இருந்தால் நெருளே குலுங்கும்படி சிரித்தாள் என்று தெருமுனை வரை சொல்லியிருப்பார். இப்போது அதை அளந்து பார்க்கவே பயமாக இருந்தது.

"கதவையும் ஆளுன்னு நினைச்சிருக்கு," என்றாள். அதற்கப்புறம், குரலை இறக்கி: "வயித்துல ஒரு லெட்டர் இருக்கு. நான் தொறக்கல."

ராபியா ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினாள்.

"எத்தன நாளாச்சாம், இத எழுத?"

ராபியா போனை அவர் பக்கம் திருப்பி மேஜையில் வைத்தாள். கரீம் பாட்சாவின் நாக்கில் ஆறு மாதம் என்று ஒன்று வந்து நின்றது. அதற்குப் பின்னால் ராத்திரி பகலாக என்றும், கண் பார்வையே போய்விட்டது என்றும் வரிசையாக நின்றன. அவர் தொண்டையைச் சரிசெய்தார்.

"பதினேழு," என்றார்.

அந்தப் பக்கம் பிள்ளைகளின் சத்தம் மட்டும் வந்தது. யாரோ ஒரு பிள்ளை டீச்சர், டீச்சர் என்றது. ராபியா விரலை மடக்கி மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். பதினேழுதான். போன் கட்டானது.

இருவரும் திரையைப் பார்த்தார்கள். ராபியாவின் உருவம் கடைசித் தெருவின் முனையில் நின்றது. நடுவில் குழாயடிக்குள் ரோபோ ஒதுங்கியிருந்தது. தெருவின் அந்தக் கோடியிலிருந்து பச்சைச் சட்டை வந்தது. குதிக்கவில்லை, நடந்தே வந்தது. குழாயடிக்கு நேர் எதிரே நின்றது. ரோபோ பத்து எண்ணியது. வழி இல்லை. மறுபடி பத்து எண்ணியது.

"பேசுதாளா? ஏதாவது எழுதி வருதா?" என்றார்.

"சும்மா இருங்க."

பச்சைச் சட்டை தன் வீட்டுப் பக்கமாக ஒரு கட்டம் பின்னால் நகர்ந்தது, முகத்தைத் திருப்பாமலே. ரோபோ வெளியே வந்து தெருவில் ஏறி, அவள் பக்கம் திரும்பியது. அவள் இன்னொரு கட்டம் பின்னால் போனாள். அது ஒரு கட்டம் முன்னால் வந்தது. இரண்டும் அப்படியே ஒன்றைப் பார்த்து ஒன்று, சதுர வெயிலில், அந்தத் தெருவில் மெதுவாகப் போயின. அவளுக்குப் பின்னால் கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது இங்கே இருந்து தெரியவில்லை. கரீம் பாட்சா நாற்காலி நுனிக்கு வந்து, உதடு மட்டும் அசைய, கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.