தேமல் விழுந்த மூன்று வரிசைகள்

புகைபிடித்த கையோடு வருகிறவனுக்கு எங்கள் பசுமைக்குடிலில் இடமில்லை. இது ஒழுக்கப் பேச்சு இல்லை, தொழில். சிகரெட்டுக்குள் இருக்கிற காய்ந்த புகையிலையில் ஒரு வைரஸ் சாகாமல் கிடக்கும். அந்தக் கையால் தக்காளி நாற்றைத் தொட்டால் இரண்டே வாரத்தில் இலையெல்லாம் வெளிறிய திட்டுகள். தேமல் நோய் என்போம். மனுசனுக்கு ஒரு கிருமி வந்தால் உடம்பு மல்லுக்கட்டும், மாத்திரையும் ஊசியும் கூட நிற்கும். நாற்றுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. பிடுங்கி, பையில் கட்டி, எரிப்பதுதான் வைத்தியம். அதனால் முன்வாசலில் ஒரு வாளிப் பால் வைத்திருக்கிறோம். பாலில் முக்கின கையிலிருந்து அந்தக் கிருமி லேசில் பரவாது. காலையில் யார் வந்தாலும் முக்கிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

இங்கே மேற்பார்வை நான். எனக்கு வாய் நீளம் என்று சொல்வார்கள். நீளம் இல்லாவிட்டால் இருபது பேரைக் கட்டி மேய்க்க முடியுமா? என் வீட்டுக்காரரும் இங்கேதான் நாற்றுப் பிரித்து நடுகிறார். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய இடது நுரையீரலில் பாதியை வெட்டி எடுத்தார்கள். "இனிமே ஒரு சிகரெட்டைத் தொட்டாலும் என்கிட்ட வராதீங்க" என்றார் டாக்டர். இவரும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் நான் இரண்டு வருடமாக நிம்மதியாகத் தூங்கினேன்.

முந்தின சாகுபடியில் தேமல் வந்தபோது பழி போட ஆள் தயாராக இருந்தான். நெட்டை என்று கூப்பிடுவோம். ஒளிவுமறைவில்லாமல் புகைபிடிப்பவன்.

"அக்கா, நான் வீட்டுக்குப் போய்த்தான் பிடிக்கிறேன். காலைல சோப்புப் போட்டுக் கழுவி, பால்லயும் முக்கிட்டுத்தான் உள்ள வரேன்" என்றான்.

"நீ சொல்றதை நம்ப நான் என்ன பச்சைப்பிள்ளையா?" என்று அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பினேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் குழித்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "பாவம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். இவருக்குத்தான் எவ்வளவு இளகின மனசு என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு புது வழக்கம் கொண்டுவந்தேன். ஒரு வரிசைக்கு ஒரே ஆள். வேறு யாரும் தொடக்கூடாது. நோய் வந்தால் யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். புது விதை, புதுத் தட்டு, எல்லாம் மாற்றினோம்.

இன்று காலை ஏழாம் வரிசையில் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தேன். தேமல். எட்டிலும் இருந்தது, ஒன்பதிலும் இருந்தது. ஆறில் இல்லை, பத்தில் இல்லை. மூன்றும் என் வீட்டுக்காரருடைய வரிசைகள்.

டீ நேரத்தில் பின்வாசல் வழியாகப் போனேன். அங்கே பால் வாளி கிடையாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் பாதி சிகரெட். என்னைப் பார்த்தும் கீழே போடவில்லை.

"எத்தனை நாளா?"

"என்னைக்காவது ஒண்ணு."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தேன்ல, அந்த வாரத்துலேர்ந்து."

அடுப்புப் புகை அவருக்கு ஆகாதென்று, அவர் வெளியே நடக்கப் போகும் நேரம் பார்த்துச் சமைத்தவள் நான். நடக்கப் போன நேரத்தில் அவர் இதைத்தான் செய்திருக்கிறார். ஒரு மாதமாக இருமல் கூடியிருக்கிறதே என்று கேட்டதற்கு மண் தூசி என்றார். அதையும் நம்பி மூக்குக்குத் துணி தைத்துக் கொடுத்தேன்.

"நெட்டையை அனுப்புறப்ப பக்கத்துலதானே நின்னீங்க?"

"சொன்னா உனக்குத் தெரிஞ்சிருமே" என்றார். பிறகு, "செடிதானே, வேற போட்டுக்கலாம். அடுத்த வாரம் ஸ்கேன் இருக்கு. டாக்டர்கிட்ட மட்டும் வாயைத் திறந்துடாத. அப்புறம் பார்க்க மாட்டேன்னுடுவார்" என்றார்.

உள்ளே போய் நோய்க் குறிப்பேட்டில், காரணம் என்ற இடத்தில் அவருடைய பெயரை முழுசாக எழுதினேன். நெட்டைக்குப் போன் போட்டு, "தப்பு என்னோடதுப்பா, திரும்பி வா" என்றேன். "வேற இடம் கிடைச்சிருச்சுக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதற்கு மேல் என்னிடம் பேச அவனுக்கு என்ன இருக்கிறது?

ஏழாம் வரிசையிலிருந்து நாற்றுகளைப் பிடுங்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்து பையைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார். "தொடாதீங்க" என்றேன். அவர் நின்ற இடத்திலேயே இரும ஆரம்பித்தார். இருமல் நிற்கவேயில்லை, குடிலின் தூணைப் பிடித்துக்கொண்டு இருமினார். இரண்டு வருடமாக அந்தச் சத்தம் கேட்டால் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். குனிந்து அடுத்த நாற்றைப் பிடுங்கினேன்.