ஒரே பாஸ்போர்ட்டில் மூன்று பேர்

மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியும் பூவராகவன் கையிலிருந்த அரிவாள் கீழே விழவில்லை. ஏட்டு இளையபெருமாள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறுக்கு முறுக்கினார். எலும்பு நெறிபடும் சத்தம் கேட்டது. அப்போதும் அந்த ஆள் அரிவாளை இடது கைக்கு மாற்றி, எதிரே தாழிட்டிருந்த அறைக்கதவில் ஒரு போடு போட்டார். பலகை பிளந்து சிம்பு தெறித்தது. உள்ளே குழந்தை வீறிட்டது.

"தொற சாரதா. அந்தப் பாஸ்போர்ட்டை மட்டும் வெளியே போடு."

செஞ்சி கடைவீதியில் பட்டப்பகல் பதினொரு மணி. ஏட்டு வந்தது அடிதடிக்கு அல்ல. சென்னைப் பாஸ்போர்ட் ஆபீஸிலிருந்து வந்த விசாரணைக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, நாலு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போகலாம் என்று இந்த மளிகைக் கடைக்காரர் வீட்டுப் படியேறியவர். பூவராகவனின் தம்பி ராஜகோபாலுக்கு மலேயாவில், ஈப்போவில் கடை. தன் பாஸ்போர்ட்டை அவன் அங்கேயே புதுப்பித்துக்கொண்டான். ஊருக்கு வந்திருக்கும் மனைவி சாரதாவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே பாஸ்போர்ட். அது வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. போலீஸ் அறிக்கை போய்ச் சேர்ந்தால்தான் புதுப்பிப்பார்கள். இல்லையென்றால் கப்பல் இவர்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

"எங்கள அனுப்ப மாட்டேங்கறாருங்க," என்றது கதவுக்குப் பின்னாலிருந்து சாரதாவின் குரல். "பாஸ்போர்ட்டைக் கொளுத்திப் போடறேன்றாரு."

ஏட்டுக்கு அது போதும். தம்பி கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்க, தம்பி பெண்டாட்டியை அடைத்து வைக்கப் பார்க்கிற அண்ணன். லத்தியை முழங்காலில் இறக்கினார். பூவராகவன் சரிந்தார். சரிகிற வேகத்திலேயே தரையில் கிடந்த இரண்டு கிலோ படிக்கல்லை எடுத்து வீசினார். ஏட்டின் காதோரம் கிழிந்து, காக்கிச் சட்டையின் தோள் நனைந்தது. அதற்குப் பிறகு அவர் போலீஸ்காரராக அடிக்கவில்லை, தெருச் சண்டைக்காரனாக அடித்தார். இரண்டு பல் தரையில் உருண்டது. கிணற்றுக் கயிற்றைக் கொண்டுவந்து ஆளைத் தூணோடு சேர்த்துக் கட்டினார்.

பூவராகவனின் மனைவி ஆதிலட்சுமி சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். புருஷனையும் தடுக்கவில்லை, ஏட்டையும் தடுக்கவில்லை. முந்தானையை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். உன் வீட்டுக்காரருக்குப் பைத்தியமா என்று ஏட்டு அவளைக் கேட்டார். பூவராகவன்தான் ரத்தத்தைத் துப்பிவிட்டு முனகினார்.

"இன்னும் அடி ஏட்டு. கொன்னு கூடப் போடு. அதைப் புதுப்பிக்க மட்டும் விடாதே."

ஏன் என்று கேட்டார் ஏட்டு. பூவராகவன் மனைவியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

சாரதா வெளியே வந்தாள். சிம்பு கிழித்து நெற்றியில் ரத்தம். ஒரு கையில் எட்டு வயதுப் பையன் ராஜாராம், இடுப்பில் ஐந்து வயது வள்ளி. ஏட்டு காதைத் துணியால் அழுத்திக்கொண்டே காகிதத்திலிருந்த கேள்விகளைக் கேட்டார். பிள்ளைகள் இருவரும் அவளுடையவர்களா? ஆமாம். பெண் எப்போது, எங்கே பிறந்தாள்? ஐம்பத்தொன்பது ஐப்பசி, இதே ஊரில். கண் இமைக்காமல் சொன்னாள். வள்ளி அவள் கழுத்தில் முகம் புதைத்து, "அம்மா, போலாம்மா" என்று அழுதது. வேறென்ன சாட்சி வேண்டும்? விசாரித்ததில் எல்லாம் சரி என்று எழுதினார். காகிதத்தில் சொட்டிய ரத்தத்தைச் சட்டையால் ஒற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சாரதா வாசலைத் தாண்டும்போதுதான் ஆதிலட்சுமி அசைந்தாள். சத்தமில்லாமல் வந்து வள்ளியின் காலைப் பிடித்தாள். பிடித்த பிடி விடவில்லை. குழந்தை அலறி, அவள் முகத்திலேயே உதைத்தது. ஏட்டு அவள் விரல்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு விரல் ஒடிந்தே போயிருக்கும்.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் சாரதாவும் பிள்ளைகளும் ஏறினார்கள். அதே பஸ்ஸில் போகும் தபால் பையில் ஏட்டின் அறிக்கையும் ஏறியது. திண்டிவனம் சாலையில் புழுதி அடங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, ஏட்டு பூவராகவனை ஸ்டேஷனுக்கு இழுத்துப்போகத் திரும்பி வந்தார்.

தூணடியில் கட்டுண்டு கிடந்த புருஷனின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஆதிலட்சுமி.

"பஸ்சு பூட்ச்சா ஏட்டய்யா?"

போய்விட்டது என்றார்.

"அப்போ இனிமே பயந்து என்ன ஆவப்போவுது. எங்க ரெண்டு பேரையும் உள்ளே தள்ளுங்க. அஞ்சு வருசத்துக்கு முன்ன எனக்குக் காசம்னாங்க, கைக்கொழந்தைய கிட்டவே உடக்கூடாதுன்னாங்க. சாரதா தூக்கிட்டுப் போறேன்னா. அவ பெத்ததுன்னு பாஸ்போர்ட்டுல எழுதினாத்தான் கப்பல்ல ஏத்துவாங்களாம். இவருதான் பொய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாரு. வெளிய தெரிஞ்சா எனக்கும் ஜெயிலுன்னு இவரு இன்னிக்கும் வாயத் தொறக்கல, இவருக்கு ஜெயிலுன்னு நானும் தொறக்கல. பாஸ்போர்ட்டு முடியற அன்னிக்குத் திருப்பிக் குடுத்துடறேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போனா அவ."

உதட்டில் வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"வள்ளி என் வயித்துல பொறந்த பொண்ணு, ஏட்டய்யா."