பெட்டி நிறைய மாத்திரை

மஸ்கட்டின் ரூவி பகுதியில் கணக்கு வேலை பார்க்கும் சீதாராமனுக்கு அங்குள்ள மருந்துக்கடைகளைக் கண்டாலே ஆகாது. "இங்க ஒரு அட்டை பிரஷர் மாத்திரை வாங்கற விலைக்கு நம்ம ஊர்ல ஆறு மாசத்துக்கு வாங்கிடலாம்" என்று அகப்பட்டவரிடமெல்லாம் சொல்லுவார். அதுவே வினையாகப் போயிற்று. மனைவி பிருந்தா லீவுக்குத் திருச்சி போனதும் ஆளாளுக்கு மருந்து கேட்டார்கள். ஆபீஸ் நண்பர் செய்கு முகம்மது சர்க்கரை மாத்திரை கேட்டார். மேலாளர் கொஞ்சம் கூச்சத்தோடு முடி கொட்டுவதற்கு ஒன்று கேட்டார். எதிர்வீட்டு நாகஜோதி உண்டாகியிருந்தாள். அவளுக்குச் சத்து மாத்திரை. சீதாராமன் எல்லாருக்கும் தலையாட்டி வைத்தார்.

"நான் ஊருக்கு வந்தேனா, மருந்து ஏஜென்சி எடுத்தேனா?" என்று போனில் கேட்டாள் பிருந்தா.

"புடவைக்கு நடுவுல வச்சுக் கொண்டா. யாரு பார்க்கப் போறா?"

மஸ்கட் விமான நிலையத்தில் பார்த்துவிட்டார்கள். வெளியே காத்திருந்த சீதாராமனைக் காவலர் ஒருவர் உள்ளே அழைத்துப் போனார். மேசைமேல் மாத்திரைகள் குவிந்து கிடந்தன. சுங்க அதிகாரி சிறு வயதுக்காரர். இந்தி சரளமாக வந்தது.

"பாய், இதெல்லாம் உங்களுக்குன்னு மேடம் சொல்றாங்க. நிஜமா?"

சீதாராமன் மனைவியைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"ஆமா, எனக்குத்தான்."

"பிரஷர் இருக்கா?"

"இருக்கு."

"சர்க்கரை?"

"அதுவும் இருக்கு."

"முடி கொட்டுதா?"

சீதாராமன் தம் அடர்ந்த தலையைத் தடவிக்கொண்டு, "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

அதிகாரி அடுத்த டப்பாவை எடுத்து நிதானமாகப் படித்தார். பிறகு எழுந்து, தம் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

"உட்காருங்க பாய். இந்த நிலைமையில நிக்கக் கூடாது. எத்தனையாவது மாசம்?"

பிருந்தா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். சீதாராமனுக்குக் காது வரை சூடேறியது. உண்மையைக் கொட்டிவிட்டார். தமக்கென்று வரவழைத்த பிரஷர் மாத்திரைக்கு மட்டும் டாக்டர் சீட்டு போனில் இருந்தது. அதைப் பார்த்து அந்த அட்டைகளைக் கொடுத்த அதிகாரி, மற்றவற்றை எடுத்து வைத்துக்கொண்டார். "அடுத்தவங்க மருந்தைச் சுமக்காதீங்க. இந்தத் தடவை கலாஸ், இதோட முடிஞ்சுது, போங்க" என்றார்.

மறுநாள் ஆபீஸில் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். செய்கு முகம்மது தலையைச் சொறிந்தார்.

"வருத்தப்படாதீங்க அண்ணே. நான் போன வாரமே கீழ கடையில வாங்கிட்டேன். இந்தியாவுல செஞ்ச மாத்திரையே வச்சிருக்கான். விலை கம்மியா வேணும்னு வாய்விட்டுக் கேட்டாத்தான் எடுத்துத் தருவான். நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் சொல்லல."

இத்தனை வருஷத்தில் அந்தக் கடைக்காரரிடம் அப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது சீதாராமனுக்கு உறைத்தது. சாயங்காலம் போய், சத்து மாத்திரை விலை கம்மியாக இருக்கிறதா என்று கேட்டார். கடைக்காரர் சிரித்தபடி கீழ்த்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

நாகஜோதியின் கதவைத் தட்டி, ஒன்றும் நடக்காதது போல அதை நீட்டினார். பின்னாலேயே வந்த பிருந்தா, கேட்காமலே முழுக் கதையையும் சொல்ல ஆரம்பித்தாள். அதிகாரி நாற்காலி தள்ளிய இடத்தில் நாகஜோதி சிரிப்பு தாளாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ அக்கா, போதும், வயிறு வலிக்குது" என்றாள். விறைப்பாகவே நின்ற சீதாராமனாலும் அதற்குமேல் அடக்க முடியவில்லை.